நூலகம் எப்படி இருக்கிறது என்று வாசகரிடம் கேட்பது: டர்பனில் முதல் முறை செய்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு நூலக அறிவியல் படிக்க வந்த முதுகலை மாணவராக இருக்கலாம். சாட்ஸ்வர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் ஒரு தமிழ்ச் சங்கத்தின் புத்தக அலமாரிகளைப் பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். என்றாவது ஒருநாள் யாராவது வந்து, "நம்ம லைப்ரரி சர்வீஸ் எப்படி இருக்குன்னு வர்றவங்க கிட்டயே கேட்டு ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடுங்களேன்" என்பார்கள். பத்துக் கேள்வி, நூறு தாள், கடைசியில் ஒரு சராசரி, இவ்வளவுதானே என்று தோன்றும்.

இந்த வேலையில் நான் அலைந்த அலைச்சலில் பாதிக்கு மேல் கேள்வித்தாளுக்காக இல்லை. கையெழுத்துக்காக, அனுமதிக் கடிதத்துக்காக, பரீட்சைக் காலம் முடிவதற்காக. எந்தத் தாள் எதற்கு முன்னால் வர வேண்டும் என்று யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. "திருப்தியா?" என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள்

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இது பிடிபடாமல் போனால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு ஆயாவிடம், அதாவது ஒரு பாட்டியிடம், "இந்த நூலகம் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேளுங்கள். ஐந்துக்கு ஐந்து போடுவார். "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு, ஐயா" என்பார். அவர் படிக்கக்கூடிய தமிழ்ப் புத்தகம் அங்கே ஒரு தட்டு நிறையக்கூட இருக்காது. இருக்கும் என்று அவர் எதிர்பார்த்ததும் இல்லை. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் ஏமாற்றம் எங்கிருந்து வரும்? அதே வாரம் க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஒரு மாணவரைக் கேட்டால் மூன்று போடுவார். நள்ளிரவில் வீட்டிலிருந்தபடியே ஆய்விதழ் திறக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு, நேற்று கடவுச்சொல் வேலை செய்யவில்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், குறைவாகத் தருகிற நூலகம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகும்.

அதனால் ஒரே விஷயத்துக்கு மூன்று மதிப்பெண் கேட்க வேண்டும். எதற்குக் கீழே போனால் பொறுத்துக்கொள்ள மாட்டீர்கள், எது இருந்தால் நன்றாக இருக்கும், இப்போது என்ன கிடைக்கிறது. விளக்கச் சொல்லி யாராவது கேட்டால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் நம் ஊர் 'பன்னி சாவ்' உணவை இழுப்பேன். ரொட்டி அன்றைக்குச் சுட்டதாக, குழம்பு சூடாக இருக்க வேண்டும், அது குறைந்தபட்சம். கறித்துண்டு நிறைய இருந்தால் நல்லது, அது விருப்பம். கையில் பொட்டலமாக வந்தது மூன்றாவது. டர்பன்காரர் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

குறைந்தபட்சத்துக்கும் விருப்பத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை என்பார்கள். கிடைப்பது அதற்குள் விழுகிறதா, கீழே விழுகிறதா என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது.

2. அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும்.

செர்வ்குவால் என்பது பரசுராமன், ஜைத்தாமல், பெர்ரி ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்டது. நூலகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. பொதுவாகச் சேவைத் தொழில்களுக்கு உரியது. எதிர்பார்ப்புக்கு 22 வாக்கியம், அனுபவத்துக்கு 22 வாக்கியம், ஆக 44 பதில். கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னதைச் செய்தல், உடனே கவனித்தல், நம்பிக்கை தருதல், தனிக் கவனிப்பு என்று ஐந்து பிரிவு.

செர்வ்பெர்ஃப் என்பது கிரோனினும் டெய்லரும் 1992இல் சொன்ன மாற்று. எதிர்பார்ப்பைக் கேட்கவே வேண்டாம், அனுபவத்தை மட்டும் கேட்டால் போதும் என்கிறது. தாள் பாதியாகும், ஆள் களைப்படைய மாட்டார். ஆனால் மேலே சொன்ன ஆயா கதையில் நேராகப் போய் விழுவீர்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குப் பரவாயில்லை. நம் சமூக நூலகங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லிப்குவால் நூலகத்துக்கென்றே செய்தது. அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமான ஏ.ஆர்.எல்.லும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி 2000இல் தொடங்கியது. மையக் கேள்வி 22. பணியாளர் நடந்துகொள்ளும் விதம் பற்றி 9, தேவையான தகவலைத் தானே எட்டிப் பிடிக்க முடிகிறதா என்பது பற்றி 8, நூலகம் ஓர் இடமாக எப்படி இருக்கிறது என்பது பற்றி 5. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண் என்றால், ஓர் ஆள் 66 முறை எண் போட வேண்டும். இதனால்தான் பிறகு சுருக்க வடிவம் ஒன்றும் வந்தது. அதில் ஒருவருக்கு 22இல் 8 கேள்விதான் போகும், மூன்று எல்லோருக்கும் பொது, மீதி ஐந்து ஆளுக்கு ஆள் மாறி வரும்.

இங்கே ஒரு பொறி. லிப்குவால் கேள்விகள் எத்தனையோ ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் அச்சாகியிருக்கும். நகலெடுத்து, மேலே "லிப்குவால்" என்று போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். அது ஏ.ஆர்.எல். நடத்தும் சேவை. பதிவு செய்து கட்டணம் கட்டிச் சேர வேண்டும், கட்டணம் டாலரில். ரேண்ட் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியும், ஆகவே தொகையை எழுத்தில் வாங்காமல் வரவுசெலவுத் திட்டம் போடாதீர்கள். சிறிய நூலகம் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூன்று மதிப்பெண் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் நூலகத்துக்கான 10 அல்லது 12 கேள்விகளை நீங்களே எழுதுங்கள். அறிக்கையில் "லிப்குவால் அணுகுமுறையைப் பின்பற்றிய சொந்தக் கேள்வித்தாள்" என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

3. தாள்கள், இந்த வரிசையில்

பல்கலைக்கழகத்தின் பெயரில் செய்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு தாளைக்கூட யாரிடமும் நீட்டக் கூடாது. க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் இது மனிதவியல், சமூக அறிவியல் ஆய்வு நெறிமுறைக் குழு. மற்ற இடங்களில் பெயர் வேறு, வேலை இதேதான். பொதுவாகக் கேட்கும் தாள்கள்:

- மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்ட ஆய்வுத் திட்டம்
- இறுதி வடிவக் கேள்வித்தாள். "வரைவு" என்று மேலே எழுதி அனுப்பினால் திரும்பி வரும்
- தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், பங்கேற்பவர்கள் பேசும் மொழிகளில்
- அந்த நூலகத்தை நிர்வகிக்கும் அமைப்பிடமிருந்து அனுமதிக் கடிதம். இங்கே எல்லோரும் கேட்கீப்பர் லெட்டர் என்றுதான் சொல்வார்கள்
- தரவை எங்கே, எவ்வளவு காலம், யார் பொறுப்பில் வைப்பீர்கள் என்ற குறிப்பு

இதில் ஆளை உட்கார வைப்பது கேட்கீப்பர் லெட்டர்தான். நகராட்சி நூலகம் என்றால் கிளையின் நூலகர் "தாராளமாச் செய்யுங்க" என்று வாயால் சொன்னது செல்லாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை, கடிதம் மேலே இருந்து வர வேண்டும். யாருக்கு எழுத வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மாணவர்களையே கேட்கப் போகிறீர்கள் என்றால் பதிவாளர் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியிருக்கும். நூலக இயக்குநர் சம்மதித்தால் போதும் என்று நினைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு.

ஆய்வின் தலைப்பு எல்லாத் தாள்களிலும் ஒரு எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். கடிதம் வந்தபின் மேற்பார்வையாளர் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், மறுபடியும் கடிதம் வாங்கும் நிலை வரலாம். ஆகவே தலைப்பை முதலிலேயே அவரோடு உட்கார்ந்து முடித்துவிட்டு அப்புறம் கடிதத்துக்குப் போங்கள்.

"தற்காலிக அனுமதி" என்று ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. அவர்கள் கேட்ட திருத்தத்தைச் செய்து, முழு அனுமதி எண் கையில் வந்த பிறகுதான் களம். முழு அனுமதியும் ஓராண்டுக்குத்தான். நீளும் என்று தெரிந்தால் காலாவதியாவதற்கு முன்பே புதுப்பிக்க எழுத வேண்டும்.

சங்கத்துக்காக மட்டும் செய்கிறீர்கள், பட்டம் எதுவும் இல்லை என்றால்? சொந்தச் சேவையை மேம்படுத்த உள்ளுக்குள் கேட்பதற்கு யாரும் உங்களிடம் நெறிமுறை எண் கேட்க மாட்டார்கள். செயற்குழுவின் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் பின்னால் இதையே ஆய்விதழுக்குக் கட்டுரையாக்கலாம் என்று மனதில் ஓர் ஓரமாக எண்ணம் இருந்தால், இப்போதே அனுமதி வாங்குங்கள். சேகரித்து முடித்த தரவுக்குப் பின்தேதியிட்டு நெறிமுறைக் குழு அனுமதி தராது.

4. போப்பியாவை மறக்காதீர்கள்

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே போப்பியா என்பார்கள். 2013இன் 4ஆம் சட்டம். முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தன, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2021 ஜூலையிலிருந்து எல்லோருக்கும் கட்டாயம். சங்கத்தையும் விடாது.

இதைத் தாண்ட எளிய வழி, தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பது. பெயர் வேண்டாம். அடையாள எண் வேண்டவே வேண்டாம். இந்த நாட்டில் படிவம் என்றாலே இனம் என்று ஒரு கட்டம் வந்து உட்கார்ந்துவிடும். போப்பியாவில் இனம், மதம், உடல்நிலை எல்லாம் தனிக் காப்புள்ள தகவல்கள். அந்தத் தகவலை வைத்து எந்தக் கணக்கும் போடப் போவதில்லை என்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். எந்த மொழியில் படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டாலே நமக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

அடுத்தது பிள்ளைகள். பொது நூலகத்துக்கு மதியம் இரண்டரைக்கு மேல் போய்ப் பாருங்கள். பள்ளிச் சீருடைதான் நிறைந்திருக்கும், ஒப்படைப்பு எழுத, வைஃபை பிடிக்க, வீட்டில் இடமில்லாமல் படிக்க. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தகவலுக்குப் பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டும். பள்ளி வழியாகப் போனால் மாகாணக் கல்வித் துறையின் அனுமதி தனி. பெரும்பாலானவர்கள் "18க்கு மேல் மட்டும்" என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். நானும் புதியவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் அதிகமாகப் பயன்படுத்துபவர்களையே விட்டுவிட்டோம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும், கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் ஒளிக்கக் கூடாது.

பரிசுக் குலுக்கல் வைத்தால் தொலைபேசி எண்ணைத் தனிச் சீட்டில், தனிப் பெட்டியில் வாங்குங்கள். கேள்வித்தாளின் கீழே "பரிசுக்கு உங்கள் எண்" என்று ஒரு கோடு போட்டால், பெயர் தெரியாத ஆய்வு என்று நீங்கள் கொடுத்த வாக்குறுதி அங்கேயே முடிந்தது.

5. கேள்வியும் மொழியும்

ஒரு கேள்வியில் ஒரே விஷயம். "பணியாளர்கள் அன்பாகவும் விரைவாகவும் உதவுகிறார்கள்" என்று எழுதினால், அன்பான ஆனால் மெதுவான நூலகருக்கு வாசகர் என்ன எண் போடுவார்?

புத்தகத்தில் இருக்கும் கேள்விகளை அப்படியே எடுத்தால் உள்ளூர் விஷயங்கள் விட்டுப்போகும். நம் பக்கத்தில் மக்கள் உண்மையிலேயே கவலைப்படுபவை வேறு. முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெட்டிங் வந்தால் விளக்கும் வைஃபையும் இருக்குமா? மாலை மூடும் நேரத்தில் டாக்சி நிற்கும் இடம்வரை பயமில்லாமல் நடக்கலாமா? நகலெடுக்கும் இயந்திரம் வேலை செய்கிறதா? கழிவறை திறந்திருக்கிறதா? போனுக்குச் சார்ஜ் போட ஓர் இடம்? தமிழ் அலமாரியில் கடந்த ஓராண்டில் புதிதாக ஏதாவது சேர்ந்ததா? லிப்குவாலிலும் மையக் கேள்விகளுக்கு மேல் 5 உள்ளூர்க் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். சொந்தமாக எழுதும்போது நான் பாதியை இதற்கே ஒதுக்குவேன்.

மொழி விஷயத்தில் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஆங்கிலம். தேவாரம் பாடுவார்கள், ஆயா தாத்தா என்று கூப்பிடுவார்கள், தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிப்பார்கள். தமிழில் மட்டும் அச்சடித்த கேள்வித்தாள் அவர்களைச் சங்கடப்படுத்தும். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் 9 போட்டுத் தந்துவிடுவார்கள். ஆங்கிலமும் தமிழும் ஒரே தாளில் எதிரெதிராக இருக்கட்டும். பொது நூலகம் என்றால் ஜூலு மொழிப் பிரதி கட்டாயம், இந்த மாகாணத்தில் அதிகம் பேர் பேசும் மொழி அதுதான். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் கேள்வியே தெளிவில்லை என்று அர்த்தம்.

பிறகு 20, 30 பேரிடம் முன்னோட்டம். பதில்களைவிட, எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது என்று பாருங்கள். 1 முதல் 9 வரை பெரியவர்களுக்கு அதிகமாகப் பட்டால் 1 முதல் 5 என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குடி முழுகாது.

6. எத்தனை பேர், எந்தப் பேர்

மொத்தம் இத்தனை பேர் என்றால் எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று காட்ட, கிரெஜ்சி, மோர்கன் 1970இல் வெளியிட்ட அட்டவணையை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். மொத்த வாசகர் 200 என்றால் 132 பேர், 500 என்றால் 217, 1000 என்றால் 278, 5000 என்றால் 357, 10,000 என்றால் 370. கூட்டம் பெருகப் பெருக மாதிரி அந்த அளவுக்குப் பெருகாது என்பதைக் கவனியுங்கள். சிறிய சங்க நூலகத்தில் மொத்தமே நூறு பேர் என்றால் எல்லோரையும் கேட்டுவிடலாம்.

மொத்தம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். பதிவேட்டில் இருக்கும் உறுப்பினர் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டவர், காலமானவர், அட்டையைத் தொலைத்துவிட்டு இரண்டாவது முறை பதிந்தவர் எல்லோரும் அதில் உயிரோடு இருப்பார்கள். கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது புத்தகம் எடுத்தவர் அல்லது கணினி பயன்படுத்தியவர் எத்தனை பேர் என்று கேட்டு வாங்குங்கள்.

நூலகத்துக்குள் நின்று கேட்டால், அங்கே வருபவர்கள் மட்டுமே அகப்படுவார்கள். மனம் வெறுத்து வராமல் போனவர் உங்கள் சராசரியில் இருக்க மாட்டார். அவருக்கு நான்கே கேள்விகள் கொண்ட தனித் தாள் வையுங்கள்: முன்பு வந்தீர்களா, எப்போது நிறுத்தினீர்கள், ஏன், என்ன இருந்தால் திரும்ப வருவீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இதற்குச் சரியான ஆட்கள். நேரம் அவர்களிடம் இருக்கிறது. இந்த இடமும் அனுமதி விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

7. எப்போது செய்வது

பல்கலைக்கழக ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். ஜூனிலும் நவம்பரிலும் பரீட்சை. அப்போது நூலகம் நிரம்பி வழியும். "ஆஹா, ஆள் கிடைக்கிறது" என்று போனால் எல்லோரும் இருக்கை இல்லை, சத்தம் என்று மட்டுமே எழுதுவார்கள். பிப்ரவரியில் முதலாண்டு மாணவருக்கு நூலகத்தின் வாசல்கூடத் தெரியாது. ஏப்ரல், மே முதல் பாதி, அல்லது ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஊரே மூடிக்கிடக்கும். அனுமதி விண்ணப்பத்தை நவம்பர் கடைசியில் போட்டால் அதன் பதில் அடுத்த ஆண்டுக் கதை.

சமூக நூலகம் என்றால் நம் நாட்காட்டியையும் பாருங்கள். தைப்பூசக் காவடி, ஈஸ்டர் வார இறுதியில் மாரியம்மன் திருவிழா, ஆடியில் ஞாயிறுதோறும் கூழ் ஊற்றல், புரட்டாசி, தீபாவளி. இந்த வார இறுதிகளில் நூலகத்தில் ஈ காக்கை இருக்காது.

அனுமதிக்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பையும் முன்னோட்டத் தயாரிப்பையும் அந்தக் காத்திருப்பில் செய்துகொள்ளலாம், ஆனால் முன்னோட்டத் தாளை ஆட்களிடம் கொடுப்பது அனுமதிக்குப் பிறகுதான். களத்துக்கு மூன்று வாரம் போதும். அதற்குமேல் இழுத்தால் பதில் வருவது மெலிந்துவிடும். வாரத்தின் எல்லா நாட்களும், காலையும் மாலையும், ஒரு சனிக்கிழமையாவது உள்ளே வர வேண்டும்.

8. செலவு

விலைகளை நான் எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

அச்சு: மூன்று மதிப்பெண் கட்டம், இரண்டு மொழி, ஒப்புதல் படிவம் எல்லாம் சேர்த்து ஆறு பக்கம் பிடிக்கும். 300 பேருக்கு 1800 பக்கம். பக்கத்துக் கடை விலையால் பெருக்குங்கள். வளாகத்துக்குள் இருக்கும் இயந்திரத்தைவிட வெளியே மொத்தமாக அடித்தால் மலிவு. வாசகர் தாளை வீட்டுக்கு எடுத்துப் போவார் என்றால் பாதி திரும்பாது என்று வைத்து இரட்டிப்பாக அடியுங்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினால் பத்து சதவீதம் கூடுதல் போதும்.

மொழிபெயர்ப்பு: தமிழுக்கு நண்பர் கிடைப்பார். ஜூலுவுக்கு நல்ல ஆளுக்குச் சொல் கணக்கில் பணம் கொடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மென்பொருள்: ஒரு ரேண்ட்கூட வேண்டாம். கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம், ஆனால் மூன்று பத்திக் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டும்போது அழகாக வராது. களத்தில் பதில்களைப் பதியும் கோபோடூல்பாக்ஸ் என்ற மென்பொருளில் இணையம் இல்லாமலே பதிந்து, பிறகு ஏற்றலாம். மின்சாரம் போகும் ஊரில் அது பெரிய வசதி. இணைய இணைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். டேட்டா இங்கே மலிவில்லை, நூலகத்தின் இலவச வைஃபைக்காகவே வருபவர் தன் டேட்டாவைச் செலவழித்து உங்களுக்குப் பதில் எழுத மாட்டார். கணக்குப் போட எக்செல் போதும், ஆய்வேடு என்றால் ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். எஸ்.பி.எஸ்.எஸ். உரிமம் பல்கலைக்கழகத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள், சொந்தக் காசில் வாங்காதீர்கள்.

பிறகு பயணம், பேனா, பூட்டுள்ள பெட்டி. பேனாவை இரண்டு மடங்கு வாங்குங்கள். திரும்பி வராது.

9. களத்தில்

நூலகப் பணியாளர் கையால் தாளைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவர் முன்னாலேயே அவருக்கு மதிப்பெண் போட நம்மவர்களுக்கு மனம் வராது, எல்லாம் 9 ஆகிவிடும். மேசையை அவர் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள். எழுதிய தாளை மடித்து வாசகரே பெட்டியில் போடட்டும்.

அதேசமயம் முதல் நாளே பணியாளர்களோடு உட்கார்ந்து இது யாரையும் வேலையை விட்டுத் தூக்குவதற்கு இல்லை என்று பேசிவிடுங்கள். ஒரு கிளையில் காவலாளி வரை எல்லோரும் என்னை மேலிடத்து ஆள் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. தேநீர் நேரத்தில் "அக்கா, உங்களுக்கு எது தொல்லையா இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் இறுக்கம் தளர்ந்தது. புத்தகம் கேட்டு எழுதினால் எங்கே தாமதமாகிறது என்பது வாசகரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

கண் மங்கியவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். எண்ணை அவரே சொல்லட்டும், "அப்போ எட்டு போடவா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

10. கணக்கு

இது பயப்படும் அளவுக்கு இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கழித்தல்தான். கிடைப்பதிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் போதுமை இடைவெளி. கிடைப்பதிலிருந்து விருப்பத்தைக் கழித்தால் மேன்மை இடைவெளி. எடுத்துக்காட்டாக ஒரு கேள்விக்குக் குறைந்தபட்சம் 6.2, விருப்பம் 8.1, கிடைப்பது 5.8 என்று வந்தால், முதலாவது −0.4, இரண்டாவது −2.3. முதல் எண்ணின் முன்னால் கழித்தல் குறி வந்தாலே அவசரம். இரண்டாவது பெரும்பாலும் கழித்தலில்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கணக்குக்கு முன் தாள்களைச் சலியுங்கள். குறைந்தபட்சத்தை விருப்பத்தைவிட அதிகமாகப் போட்ட தாள்கள் வரும். கேள்வி புரியவில்லை என்று பொருள். லிப்குவாலில், 22 கேள்வியில் இப்படி 9க்கு மேல் வந்தாலும், "பொருந்தாது" என்பது 11க்கு மேல் வந்தாலும் அந்தத் தாளையே விலக்கிவிடுவார்கள். உங்கள் கேள்விகள் குறைவு என்றால் அதே விகிதத்தில் ஓர் எல்லையை, தாள்களைத் திறப்பதற்கு முன்பே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்குக் குரோன்பாக் ஆல்ஃபாவும் கேட்பார்கள், ஒரு பிரிவின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அது. 0.70க்கு மேல் இருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரி போட்டு "நூலகத் தரம் 7.1" என்று எழுதாதீர்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. மாணவர், வேலைக்குப் போகிறவர், ஓய்வு பெற்றவர் என்று பிரித்துப் போடுங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேர்கூட இல்லை என்றால் தனியாகக் காட்ட வேண்டாம், யார் சொன்னது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எழுதிக் கொடுத்த கருத்துகளை அந்தந்தக் கேள்வியின் எண்ணோடு சேர்த்து வையுங்கள். −0.4 என்றால் நிர்வாகம் தலையாட்டும். "அஞ்சு மணிக்கு மேல வெளிய இறங்கப் பயமா இருக்கு, அதான் வர்றதில்ல" என்ற வரி கூட இருந்தால் விளக்குக் கம்பத்துக்கு யாரிடம் எழுதுவது என்று பேசத் தொடங்குவார்கள்.

11. கொடுத்த பிறகு

நூலகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்காதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு பக்கம் போதும். குறைந்தபட்சத்துக்குக் கீழே விழுந்தவை எவை, காசில்லாமல் சரிசெய்யக்கூடியவை எவை, பணம் வேண்டியவை எவை. ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், பதில் எழுதியவர்கள் பார்க்கட்டும். அடுத்த முறை நீங்களோ வேறு யாரோ தாளை நீட்டும்போது வாங்குவார்கள்.

பதில் தாள்களைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. வீட்டு அட்டைப்பெட்டியில் வேண்டாம். துறையில் பூட்டுள்ள அலமாரி கேளுங்கள், மின்கோப்புக்குக் கடவுச்சொல் போடுங்கள். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முன் சாவியையும் கடவுச்சொல்லையும் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.